ஹார்வர்டின் ‘கம்ப்யூட்டர்’ பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது ஹார்வர்டு கல்லூரி வானாய்வகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அங்கே கண்ணாடித் தகடுகளின் மேல் குனிந்து வானத்தை அளந்த பெண்களைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே பதில்களோடு உள்ளன. நுட்பமான கேள்விகளுக்கு நீளமாகவும், வம்புக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்லியிருக்கிறோம்.

‘கம்ப்யூட்டர்’ என்றால் இங்கே என்ன பொருள்?

கணக்குப் போடும் ஆள். இயந்திரம் வருவதற்கு முன்பு அந்தச் சொல் மனிதர்களைத்தான் குறித்தது. அளவீடுகளை வாங்கி, திருத்தங்கள் செய்து, அட்டவணையாக்கித் தருவது அவர்கள் வேலை. எட்வர்ட் பிக்கரிங் இயக்குநராக இருந்த 1877 முதல் 1919 வரையான காலத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே இப்படி வேலை பார்த்தார்கள்.

ஆனால் பெயரை வைத்து, இவர்கள் வெறுமனே கூட்டிக் கழித்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மங்கலான கறுப்புப் புள்ளி விண்மீனா தூசியா, இந்தக் கோடு ஹைட்ரஜனுடையதா வேறொன்றா, இந்தப் பொலிவு நேற்றைவிடக் குறைந்ததா என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தீர்ப்புச் சொன்னவர்கள். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பைப் பற்றியவை.

முதல் பெண் வில்லியமினா ஃபிளெமிங் தானே?

இல்லை. ஆனா வின்லாக் 1875-இலேயே சேர்ந்துவிட்டார். அதே வானாய்வகத்தின் முந்தைய இயக்குநர் ஜோசஃப் வின்லாக்கின் மகள் அவர். அந்த ஆண்டு தந்தை இறந்துபோக, குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்கு வந்தார். ஃபிளெமிங் நிரந்தரமாகச் சேர்ந்தது 1881-இல். பெண்களை வேலைக்கு எடுத்த பெருமை முழுவதையும் பிக்கரிங்குக்குக் கொடுப்பதும் இதே காரணத்தால் தவறு. அவர் வருவதற்கு முன்பே வின்லாக் அங்கே இருந்தார்.

‘என் வீட்டு வேலைக்காரிகூட இதைவிட நன்றாகச் செய்வாள்’ என்று பிக்கரிங் கத்திய கதை உண்மையா?

பாதி. ஃபிளெமிங் அவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தது உண்மை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் 1857-இல் பிறந்தவர். அங்கே ஆசிரியையாக இருந்தவர். 1878-இல் கணவரோடு பாஸ்டனுக்கு வந்தார். கருவுற்றிருந்த நிலையில் கணவர் கைவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் வீட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஆத்திரத்தில் ஆண் உதவியாளர்களைப் பார்த்துச் சொன்னதாக வழங்கும் அந்த வசனம் மட்டும் செவிவழி வந்தது. கட்டுரையில் அதை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

சம்பளம் எவ்வளவு?

தொடக்கநிலையில் மணிக்கு 25 சென்ட். நாளைக்கு ஏழு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரம் பத்தரை டாலர். பொலிவு மாறும் விண்மீன்களை ஆராய்ந்த ஹென்ரியெட்டா லெவிட் 1902-இல் திரும்பி வந்தபோது அவர் திறமையைக் கருதி 30 சென்ட் கொடுத்தார்கள். அதற்கு முன்பு 1895-இல் அவர் சம்பளமே இல்லாமல்தான் தொடங்கியிருந்தார்.

மேல்நிலையில் இருந்த ஃபிளெமிங்குக்கு ஆண்டுக்கு 1,500 டாலர். அதே இடத்தில் ஆண் உதவியாளர்களுக்கு 2,500. இது நமக்குத் தெரியவருவது அவருடைய நாட்குறிப்பால். 1900-இல் ஹார்வர்டு ஊழியர்கள் பலரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லி ஒரு பெட்டியில் போட்டு வைத்தார்கள். அதில் ஃபிளெமிங், எந்த வேலையும் தனக்கு அதிகமில்லை என்று இயக்குநர் நினைப்பதையும், சம்பளப் பேச்சை எடுத்தால் மட்டும் ‘பெண்களுக்கு இது நல்ல சம்பளம்’ என்று பதில் வருவதையும் எழுதி வைத்திருக்கிறார். தனக்கும் வீடும் குடும்பமும் உண்டு என்பதை இவர்கள் நினைக்கிறார்களா என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.

கண்ணாடித் தகட்டில் என்ன தெரியும்?

பெரும்பாலான தகடுகள் 8-க்கு 10 அங்குலம். பெரியவை 14-க்கு 17. ஒரு பக்கம் வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு, மறுபக்கம் வெறும் கண்ணாடி. தகடு நெகட்டிவ் என்பதால் வானம் வெளிறியும் விண்மீன்கள் கறுப்புப் புள்ளிகளாகவும் இருக்கும். பொலிவான விண்மீனுக்குப் புள்ளி பெரிதாக விழும். அது பூச்சுக்குள் ஒளி பரவுவதால் வருவது. விண்மீனின் உண்மைப் பருமனோடு அதற்குத் தொடர்பில்லை.

தகட்டைச் சாய்வான மரச்சட்டத்தில் நிறுத்துவார்கள். கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பித் தகட்டின் ஊடாக அனுப்பும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, பூச்சில்லாத பக்கத்தில் மையால் வட்டம், எண், அம்புக்குறி போடுவார்கள். பூச்சின் மேல் பேனா பட்டால் தகடு போச்சு.

இதில் சறுக்கும் இடங்கள் பல. பூச்சில் இருக்கும் குமிழியும் தூசியும் அப்படியே விண்மீன் போலத் தெரியும். அதனால் ஒரே பகுதியின் இரண்டு தகடுகளிலாவது இல்லாத புள்ளியை நம்பக் கூடாது. தகட்டின் ஓரங்களில் உருவம் இழுபட்டு வால் முளைக்கும். அன்று மெல்லிய மேகம் இருந்திருந்தால் எல்லா விண்மீனும் மங்கும். ஒன்றை மட்டும் பார்த்து ‘பொலிவு மாறிவிட்டது’ என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான். இன்னொன்று, அக்காலப் பூச்சுக்கு நீல ஒளியில்தான் கூர்மை அதிகம். கண்ணுக்குப் பளிச்சென்று சிவக்கும் திருவாதிரை, தகட்டில் சோகையாக விழும். கண்ணால் பார்த்த பொலிவையும் தகட்டுப் பொலிவையும் கலந்துவிட்டால் கணக்கு முழுவதும் கெடும்.

‘பி2312’ போன்ற எண்களை எப்படி வாசிப்பது?

முன்னெழுத்து தொலைநோக்கியைக் குறிக்கும், பின்னால் வருவது வரிசை எண். ‘பி’ என்றால் 8 அங்குல பாஷ் தொலைநோக்கி. ‘ஏ’ என்றால் 24 அங்குல புரூஸ். ‘ஐ’ என்றால் 8 அங்குல டிரேப்பர். தகடு எடுத்த நாள், நேரம், எவ்வளவு நேரம் ஒளி விழவிட்டார்கள் என்பதெல்லாம் தனிக் குறிப்பேட்டில் இருக்கும். எண் தவறினால் தேதி தவறும். தேதி தவறினால், ஒரு விண்மீனின் பொலிவு எத்தனை நாளுக்கொருமுறை ஏறி இறங்குகிறது என்ற காலச்சுழற்சிக் கணக்கு பாழ்.

அந்த பி2312-இல் என்ன விசேஷம்?

குதிரைத்தலை நெபுலா (விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயு, தூசு மேகம்) முதலில் கண்ணில் பட்டது அதில்தான். 1888 பிப்ரவரி 6 அன்று இயக்குநரின் தம்பி வில்லியம் பிக்கரிங் 90 நிமிடம் ஒளி விழவிட்டு எடுத்த தகடு. அதைப் பார்த்து ஓரியன் இடுப்புப் பட்டையின் கிழக்கு ஓர விண்மீனுக்கு அரைப் பாகை தெற்கே, அரைவட்ட வடிவில் ஒரு கறுத்த வெட்டு இருப்பதைக் குறித்தவர் ஃபிளெமிங். அதன் அகலம் 5 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) என்றும் எழுதினார்.

பிறகு டென்மார்க்கில் பிறந்த வானியலாளர் டிரையர் தன் நெபுலா அட்டவணையின் முதல் பின்னிணைப்பைத் தொகுத்தபோது, ஹார்வர்டிலிருந்து வந்த கண்டுபிடிப்புகளை எல்லாம் ‘பிக்கரிங்’ என்று ஒரே பெயரில் போட்டுவிட்டார். 1908-இல் வந்த இரண்டாவது பின்னிணைப்பில் ஃபிளெமிங் பெயர் வருகிறது. பெயர் மறைந்ததற்குச் சதியெல்லாம் தேவைப்படவில்லை. நிறுவனத் தலைவர் பெயரில் அறிக்கை போகும், தொகுப்பவர் அதைப் பார்த்து எழுதுவார், அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதுவார். அவ்வளவு போதும். ஃபிளெமிங் கணக்கில் இது தவிர 10 புதுமீன்கள் (திடீரெனப் பொலிவு கூடும் விண்மீன்கள்), 300-க்கும் மேற்பட்ட மாறும் விண்மீன்கள் உண்டு.

நூற்றுக்கணக்கான விண்மீன்களின் நிறமாலையை ஒரே தகட்டில் எப்படி எடுத்தார்கள்?

விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் பட்டைதான் நிறமாலை; அதன் குறுக்கே விழும் கோடுகள் எந்தத் தனிமம் என்று காட்டிக்கொடுக்கும். வழக்கமான நிறமாலைமானியில் ஒரு நேரத்துக்கு ஒரு விண்மீன்தான். ஹார்வர்டில் மெல்லிய பெரிய முப்பட்டகத்தைத் தொலைநோக்கியின் முகப்பு லென்சுக்கு முன்னால் பொருத்தினார்கள். இதனால் பார்வைப்புலத்தில் உள்ள ஒவ்வொரு விண்மீனும் புள்ளிக்குப் பதில் ஒரு சிறு கீற்றாக விழும்.

புள்ளியை இழுத்தால் கிடைப்பது மயிரிழை போன்ற கோடு. அதில் குறுக்குக் கோடுகளைப் பார்க்க முடியாது. ஆகவே தொலைநோக்கியை வான்சுழற்சியோடு துல்லியமாக ஓடவிடாமல் கொஞ்சம் நழுவவிட்டு, கீற்றுக்கு அகலம் கொடுத்தார்கள். அதிகம் நழுவினால் மங்கலான விண்மீன்கள் பதியாது. குறைவாக நழுவினால் கோடுகள் தெரியாது. விண்மீன் நெருக்கமான பால்வீதிப் பகுதிகளில் ஒன்றன்மேல் ஒன்று கீற்று ஏறிக்கொள்ளும்; அவற்றைப் பிரித்துப் படிப்பது தனி வித்தை.

ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். இந்த வரிசை ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது?

முதலில் அகரவரிசைதான் இருந்தது. 1890-இல் வெளியான டிரேப்பர் அட்டவணைக்காக (விண்மீன் நிறமாலைகளின் பட்டியல்; பெயர்க் காரணம் கீழே வரும்) ஃபிளெமிங் 10,351 விண்மீன்களை வகைப்படுத்தினார். ஹைட்ரஜன் கோடு மிக அழுத்தமாக இருந்தால் ஏ, அடுத்தது பி என்று எழுத்துகள் ‘கியூ’ வரை போயின.

1896-இல் வந்த ஆனி ஜம்ப் கேனன் தென்வானத்தின் பொலிவான விண்மீன்களை எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜனை மட்டும் பார்க்காமல் மற்றக் கோடுகளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சீராக மாறிப் போகும்படி அடுக்கினால் ‘ஓ’ முன்னால் வருகிறது, ‘பி’ ஏவுக்கு முன் வருகிறது, பல எழுத்துகள் தேவையற்றுப் போகின்றன என்று கண்டார். சில வகைகள் தகட்டுக் குறைபாட்டால் பிறந்த போலிகள். எழுத்துகளை மாற்றிப் புதிதாக வைத்திருக்கலாம். ஆயிரக்கணக்கான விண்மீன்களுக்கு ஏற்கனவே அச்சாகிவிட்டதே! அதனால் பழைய எழுத்து, புது வரிசை. 1901-இல் 1,122 விண்மீன்களோடு இது வெளிவந்தது. ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பத்துப் படிகள் வைத்தார். நம் சூரியன் ஜி2.

பின்னால்தான் தெரிந்தது, இந்த வரிசை வெப்பநிலை வரிசை என்று. ‘ஓ’ 30,000 கெல்வின் அளவிலும் அதற்கு மேலும், ‘எம்’ 3,700-க்குக் கீழே. நமக்குப் பழகிய நட்சத்திரங்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். குதிரைத்தலைக்கு மேலே இருக்கிறதே ஓரியன் பட்டையின் கிழக்கு ஓர விண்மீன், அது ஓ. சித்திரையும் மகமும் பி. திருவோணமும் அபிஜித்தும் ஏ. துருவ நட்சத்திரம் எஃப். சூரியன் ஜி. ரோகிணியும் சுவாதியும் கே. திருவாதிரையும் கேட்டையும் எம். நீல வெள்ளையில் தொடங்கிச் செம்மையில் முடிவதை வெறுங்கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

ஆங்கில வகுப்புகளில் இந்த ஏழெழுத்துக்கு, ‘நல்ல பெண்ணாக இருந்து முத்தம் கொடு’ என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை மனப்பாட வரியாகச் சொல்லித் தருவார்கள். வரிசையை அமைத்தவர் யார் என்பதைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் சொல்லித் தருவது நல்ல வேடிக்கை. மேலே உள்ள நட்சத்திரப் பட்டியல் போதும்.

கேனன் நிமிடத்துக்கு மூன்று விண்மீனை வகைப்படுத்தினாராமே?

விண்மீன் நெருக்கமில்லாத பகுதிகளில், ஆம். தகட்டைப் பார்த்து அவர் எழுத்தையும் எண்ணையும் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். 1911 அக்டோபரிலிருந்து 1915 வரை மாதத்துக்கு 5,000-க்கும் அதிகமாகச் செய்தார். விளைவு, 1918 முதல் 1924 வரை ஒன்பது தொகுதிகளாக வந்த ஹென்றி டிரேப்பர் அட்டவணை, 2,25,300 விண்மீன்கள். அவர் வாழ்நாள் மொத்தம் சுமார் மூன்றரை லட்சம்.

வேகத்தைவிட வியக்க வேண்டியது நிலைத்தன்மை. பல ஆண்டு கழித்து அதே விண்மீனைத் தெரியாமல் மறுபடி கொடுத்தாலும் பெரும்பாலும் அதே வகையையே சொன்னார். இன்றும் ‘எச்டி 209458’ என்று ஒரு விண்மீனைக் குறித்தால், அந்த ‘எச்டி’ அவருடைய அட்டவணைதான். அவருக்குச் செவிப்புலன் பெரிதும் குறைந்திருந்தது. 1925-இல் ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் முனைவர் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஹார்வர்டு அவருக்கு முறையான வானியலாளர் பதவி கொடுத்தது 1938-இல், 74 வயதில்.

ஆன்டோனியா மோரி பெயர் ஏன் குறைவாகக் கேட்கிறது?

அவர் மெதுவாக வேலை செய்தார், இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. நம் கருத்தில் இந்தக் குழுவிலேயே கூர்மையான கண் மோரியுடையது. வாசர் கல்லூரியில் வானியலாளர் மரியா மிட்செலிடம் படித்தவர். கோடு எந்த இடத்தில் விழுகிறது என்பதோடு நிற்காமல், அது அகலமா, மங்கலா, ஊசி போல மெல்லிதா என்றும் பார்த்து 22 தொகுதிகளாகவும், ஒவ்வொன்றையும் ஏ, பி, சி பிரிவுகளாகவும் பிரித்தார். இந்தச் ‘சி’தான் ஊசிக் கோடு வகை. (மேலே சொன்ன ஏ, பியோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 681 விண்மீன்கள் அடங்கிய அவருடைய அட்டவணை 1897-இல் வந்தது, முகப்பில் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

டேனிஷ் வானியலாளர் ஹெர்ட்ஸ்ப்ருங் 1905-இல் பார்த்தபோது, ‘சி’ வகை விண்மீன்கள் எல்லாம் அசாதாரணப் பொலிவு கொண்டவை என்று தெரிந்தது. இன்று அவற்றைப் பேரரக்க விண்மீன்கள் என்கிறோம். உப்பிப் பெருத்த அவற்றின் வளிமண்டலத்தில் அழுத்தம் மிகக் குறைவு. அணுக்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாததால் கோடு மெல்லியதாக இருக்கிறது. ஹார்வர்டு இந்தப் பிரிவைக் கைவிட்டபோது ஹெர்ட்ஸ்ப்ருங் 1908-இல் பிக்கரிங்குக்குக் கடிதம் எழுதினார். திமிங்கிலத்துக்கும் மீனுக்கும் வேறுபாடு கண்டுபிடித்த பிறகும் இரண்டையும் ஒரே கூடையில் போடுவது போல இருக்கிறது என்பது அதன் சாரம். முப்பட்டகத் தகட்டில் அவ்வளவு நுணுக்கம் நம்பத்தக்கதா என்பது பிக்கரிங்கின் ஐயம். 2,25,300 விண்மீனுக்கு மோரி முறை ஒத்துவந்திருக்காது என்பதும் உண்மைதான்.

பொலிவு மாறும் விண்மீன்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒரு தகட்டிலிருந்து பாசிட்டிவ் படி எடுப்பார்கள். அதில் விண்மீன்கள் வெள்ளைப் புள்ளிகள். வேறு நாள் எடுத்த நெகட்டிவை அதன்மேல் பொருத்தி வைத்தால் மாறாத விண்மீன்களில் கறுப்பும் வெள்ளையும் பொருந்திக்கொள்ளும். மாறியது மட்டும் கறுப்பைச் சுற்றி வெள்ளை வளையத்தோடோ, வெள்ளையைத் தாண்டிக் கறுப்பாகவோ துருத்தும்.

எவ்வளவு மாறியது என்பதற்கு, கைப்பிடி வைத்த சிறு கண்ணாடித் துண்டு ஒன்று உண்டு. தெரிந்த பொலிவெண்களுக்கான புள்ளிகள் அதில் வரிசையாக இருக்கும். (பொலிவெண் குறையக் குறைய விண்மீன் பொலிவானது.) ஈ அடிக்கும் மட்டையின் சாயலில், ஈயை அடிக்க முடியாத அளவுக்குச் சிறியது என்பதால் கேலிப்பெயரே அதற்கு உண்டு. அதைப் புள்ளியின் பக்கத்தில் வைத்து எது ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். லெவிட் இப்படி 2,400-க்கும் மேற்பட்ட மாறும் விண்மீன்களைக் கண்டார்.

லெவிட் விதியைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

பெரு நாட்டின் அரெகிபாவில் ஹார்வர்டுக்கு ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து 24 அங்குல புரூஸ் தொலைநோக்கி எடுத்த மெகல்லன் மேகங்களின் தகடுகள் கப்பலில் வந்தன. (இந்த மேகங்கள் உண்மையில் நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலங்கள்; வானத்தின் தென்துருவத்தை ஒட்டியவை. சிறிய மேகம் கன்னியாகுமரியிலிருந்துகூட அடிவானத்துக்கு 9 பாகை மேலே மட்டும்தான் எழும்.) 1908-இல் லெவிட் 1,777 மாறும் விண்மீன்களைப் பட்டியலிட்டு, காலம் (பொலிவு ஒருமுறை ஏறி இறங்கி முடிய ஆகும் நேரம்) கணித்த 16-இல் பொலிவானவற்றுக்குக் காலம் நீளமாக இருப்பது கவனிக்கத்தக்கது என்று ஒரு வரி எழுதினார். 1912-இல் சிறிய மேகத்தின் 25 விண்மீன்களோடு அதை விதியாக நிறுவினார். அவற்றின் காலம் ஒன்றேகால் நாளிலிருந்து 127 நாள் வரை.

முதல் வேலை, ஒரே விண்மீனைப் பல தகடுகளில் அளந்து தேதியோடு எழுதுவது. அடுத்தது காலத்தை ஊகித்து எல்லா அளவீட்டையும் ஒரே சுழற்சிக்குள் மடிப்பது. ஊகம் சரியென்றால் சட்டென ஏறி மெல்ல இறங்கும் வளைகோடு கிடைக்கும். தவறென்றால் புள்ளிகள் சிதறும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தகடுகள் இரவில், ஏறக்குறைய முழு நாள் இடைவெளியில் எடுக்கப்படுவதால் உண்மைக் காலத்தோடு வேறு சில போலிக் காலங்களும் பொருந்துவது போலக் காட்டும். நேரம் மாற்றி எடுத்த தகடுகள் இருந்தால்தான் அவை விழும்.

பிறகு காலத்தின் மடக்கையைக் கிடைமட்டத்திலும் பொலிவெண்ணைச் செங்குத்திலும் வைத்தால் நேர்கோடு. லெவிட் கண்ட சரிவு: பொலிவு ஒரு பொலிவெண் அளவு கூடுவதற்கு மடக்கை 0.48 கூடுகிறது, அதாவது காலம் மூன்று மடங்காகிறது. எல்லா விண்மீனும் ஒரே மேகத்தில், நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், தோன்றும் பொலிவில் உள்ள வேறுபாடு உண்மைப் பொலிவில் உள்ள வேறுபாடே. விதியின் உயிர் இந்த ஒரு வாதத்தில் இருக்கிறது. இதை லெவிட் தன் அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்.

தொலைவு கண்டுபிடிக்க, அருகிலுள்ள செஃபீட் விண்மீன்களின் (லெவிட் விதிக்கு உட்படும் மாறும் விண்மீன்களின் பெயர் இது) உண்மைப் பொலிவு தெரிய வேண்டும். அந்த அளவுத்திருத்தத்தை 1913-இல் ஹெர்ட்ஸ்ப்ருங் முதலில் முயன்றார். இன்றைய மதிப்பில், 10 நாள் காலமுள்ள செஃபீடின் தனிப் பொலிவெண் (உண்மைப் பொலிவைக் காட்டும் எண்) சுமார் −4. அது 15-ஆம் பொலிவெண்ணாகத் தோன்றினால் வேறுபாடு 19. அதோடு 5 கூட்டினால் 24, ஐந்தால் வகுத்தால் 4.8. பத்தின் 4.8-ஆம் அடுக்கு ஏறக்குறைய 63,000 பார்செக், 3.26-ஆல் பெருக்க, 2 லட்சத்துச் சொச்சம் ஒளியாண்டு. சிறிய மெகல்லன் மேகம் இருப்பது அங்கேதான்.

இதே முறையில் ஹப்பிள் கணக்கு ஏன் தவறிப்போனது?

1923-இல் ஆன்ட்ரொமீடா விண்மீன் மண்டலத்தில் செஃபீட் ஒன்றைக் கண்டு, இதே விதியால் அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ளது என்று அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் காட்டினார். முடிவு சரி, எண் தவறு: சுமார் 9 லட்சம் ஒளியாண்டு என்றார், உண்மையில் சுமார் 25 லட்சம். செஃபீடுகளில் இரண்டு இனம் உண்டு, ஒரே காலத்துக்கு ஒன்று மற்றதைவிடப் பொலிவானது என்பதை 1952-இல் வால்டர் பாடே அறிவித்த பிறகுதான் அளவுகோல் சரியானது. இடையில் உள்ள தூசு இன்னொரு தொல்லை. அது விண்மீனை மங்கச் செய்து தொலைவை அதிகமாகக் காட்டும். பிழை அளவுத்திருத்தத்தில் இருந்தது, லெவிட்டின் நேர்கோட்டில் இல்லை.

லெவிட்டுக்கு நோபல் மறுக்கப்பட்டதா?

அவர் பெயர் பரிந்துரைக்கப்படவே இல்லை. ஸ்வீடன் கணிதவியலாளர் மித்தாக்-லெஃப்லர் 1925-இல் பரிந்துரைக்கும் எண்ணத்தோடு அவருக்கே கடிதம் எழுதினார். லெவிட் 1921 டிசம்பர் 12 அன்று புற்றுநோயால் இறந்திருந்தார். 1912 அறிக்கையின் அடியில் பிக்கரிங் கையெழுத்து இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே ‘இதைத் தயாரித்தவர் செல்வி லெவிட்’ என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

விதியைக் கண்ட பிறகு ஏன் அதைத் தொடரவில்லை என்றும் கேட்கிறார்கள். வடதுருவத்தருகே 96 விண்மீன்களைப் பொலிவின் அளவுகோலாக நிர்ணயிக்கும் வேலை அவருக்குத் தரப்பட்டது. 13 தொலைநோக்கிகளின் 299 தகடுகள், 4-ஆம் பொலிவெண் முதல் 21 வரை. உலகம் முழுக்கப் பயன்பட்ட வேலைதான். அவர் ஆராய விரும்பியது அதையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பணம் யார் தந்தது?

பெருமளவு, பெண்கள். முதன்முதலில் கோடுகளோடு விண்மீன் நிறமாலையைப் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர் 1882-இல் இறந்தார். அவர் மனைவி ஆனா பாமர் டிரேப்பர் 1886 முதல் நிறமாலைப் பணிக்கு நிதி கொடுத்தார். அட்டவணைக்குக் கணவர் பெயர். புரூஸ் தொலைநோக்கிக்கு 50,000 டாலர் கொடுத்தவர் நியூயார்க்கின் கேத்தரின் உல்ஃப் புரூஸ். லெவிட் பார்த்த தகடுகள் அந்தப் பணத்தில் பிறந்தவை.

செசிலியா பெய்ன் இந்தக் குழுவைச் சேர்ந்தவரா?

அடுத்த தலைமுறை. இங்கிலாந்திலிருந்து 1923-இல் ஆராய்ச்சி மாணவியாக வந்தார். கேனன் வகைப்படுத்திய நிறமாலைகளை எடுத்து, இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை (எந்த வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் என்று சொல்வது) அவற்றில் செலுத்தினார். ‘ஓ’ விலும் ‘எம்’மிலும் ஹைட்ரஜன் கோடு மெலிந்திருப்பது ஏன்? மிகச் சூடானதில் எலக்ட்ரான் பறிபோய்விடுகிறது. குளிர்ந்ததில் எலக்ட்ரானைத் தேவையான மட்டத்துக்கு ஏற்ற ஆற்றல் போதவில்லை. கோட்டின் அழுத்தம் வெப்பத்தைச் சார்ந்தது என்று கொண்டு கணக்கிட்டால், விண்மீன்களில் ஹைட்ரஜன் மற்றவற்றைவிட மிகமிக அதிகம் என்று வந்தது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அது சாத்தியமே இல்லை என்றார். 1925-இல் வந்த ஆய்வேட்டில், அந்த மதிப்பு அநேகமாக உண்மையாக இருக்காது என்று பெய்னே எழுத வேண்டியதாயிற்று. 1929-இல் ரஸ்ஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். பெய்ன் 1956-இல் ஹார்வர்டில் முழுப் பேராசிரியரானார்.

‘பிக்கரிங்கின் அந்தப்புரம்’ என்று எழுதலாமா?

அக்காலக் கேலி அது. கேலி என்று குறிப்பிட்டு எழுதலாம், தலைப்பாக வைக்காதீர்கள்.

தகடுகளை இப்போது பார்க்க முடியுமா?

முடியும். சுமார் ஐந்தரை லட்சம் தகடுகள் ஹார்வர்டில் இருக்கின்றன. ‘டாஷ்’ என்ற திட்டத்தில் 4 லட்சத்துக்கும் மேல் வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். விண்மீனின் பெயரையோ வான் ஆயத்தையோ கொடுத்தால், ஒரு நூற்றாண்டில் அதன் பொலிவு எப்படி மாறியது என்ற வரைபடம் கிடைக்கும். 1950-களின் நடுவிலிருந்து 1960-களின் பிற்பகுதி வரை படம் எடுப்பது பெரும்பாலும் நிறுத்தப்பட்டதால் வரைபடத்தில் ஒரு வெற்றிடம் தெரியும். அதைப் பார்த்து விண்மீன் மறைந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

வருடுவதற்கு முன் தகட்டின் மேலிருந்த மைக்குறிகளைத் துடைக்க வேண்டியிருந்தது. கருவி அவற்றையும் விண்மீனாக எண்ணும். அதனால் முதலில் குறிகளோடு ஒரு படம், பிறகு துடைத்து இன்னொன்று. ஃபிளெமிங்கும் லெவிட்டும் போட்ட வட்டங்கள் பல இன்று முதல் படத்தில் மட்டுமே இருக்கின்றன. 2016 ஜனவரியில் குடிநீர்க் குழாய் உடைந்து சுமார் 61,000 தகடுகள் நனைந்தன. பூஞ்சை பிடிக்காமல் இருக்க உறையவைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் துப்புரவாக்கினார்கள்.

இவர்களுடைய குறிப்பேடுகளும், சுமார் 2,500, ‘ஃபீட்ரா’ என்ற திட்டத்தில் கிடைக்கின்றன. பெயர் தேடும்போது, லெவிட் என்பதே சரியான ஒலிப்பு என்றாலும் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றில் ‘லீவிட்’ என்றிருக்கும். மோரியை ‘மௌரி’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.